காற்று கிளறும் கடல்

சூளூர்பேட்டைக்கு வெளியூர்க்காரர்கள் வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க வருவார்கள். பழவேற்காடு ஏரியின் பூநாரைகளையும் நேலப்பட்டுக் கூழைக்கடாக்களையும் பார்க்க வருவார்கள். செங்காளம்மாவைக் கும்பிட வருவார்கள். மத்திக்காகவோ நெத்திலிக்காகவோ இந்த ஊருக்கு யாரும் ரயில் ஏறுவதில்லை. ஆனால் எந்தக் கடலில் எந்த ஆண்டு மத்தி பெருகும், எந்த ஆண்டு காணாமல் போகும் என்று ஆராய்கிறவர்களுக்கு, இந்தக் கரையிலிருந்து கிளம்பிப் போன மூன்று செயற்கைக்கோள்கள் மிகவும் வேண்டியவை.

1999 மே 26 அன்று பி.எஸ்.எல்.வி.-சி2 ராக்கெட் ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. 2009 செப்டம்பர் 23 அன்று ஓஷன்சாட்-2 போனது. 2022 நவம்பர் 26 அன்று இ.ஓ.எஸ்.-06 என்ற பெயரில் மூன்றாவது போனது. இந்த மூன்றாவது செயற்கைக்கோளில் மூன்று முக்கியக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று கடலின் நிறத்தை அளக்கிறது. ஒன்று கடல்மேல் வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கிறது. இன்னொன்று கடல் மேற்பரப்பின் வெப்பத்தை அளக்கிறது.

காற்று, வெப்பம், நிறம். இந்த மூன்றும் தொடர்பில்லாத மூன்று விஷயங்களாகத் தோன்றும். உண்மையில் அவை ஒரே நிகழ்ச்சியின் மூன்று கட்டங்கள். கரையோரமாகக் காற்று ஒரு குறிப்பிட்ட திசையில் விடாமல் வீசுகிறது. சில நாட்களில் அங்கே கடல் குளிர்கிறது. மேலும் சில நாட்களில் நீலக் கடல் பச்சையாகிறது. அந்தப் பச்சையைத் தேடி மீன் வருகிறது. இதற்கு ஆழ்நீர் மேலெழுச்சி என்று பெயர். உலகின் மிகப் பெரிய மீன்பிடிப்புகளும் மிகப் பெரிய மீன் பஞ்சங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை.

வெளிச்சம் மேலே, உரம் கீழே

வயல் பச்சைப்பசேல் என்று வளர வெளிச்சமும் உரமும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். கடலில் அவை பிரிந்து கிடக்கின்றன. சூரிய வெளிச்சம் மேலே நூறு, இருநூறு மீட்டர் ஆழம் வரைதான் பயன்படும் அளவுக்கு இறங்கும். அந்த மேல்நீரில் வாழும் நுண்பாசிகள் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் போன்ற சத்துகளை உறிஞ்சி வளர்கின்றன. அவற்றை உயிரினங்கள் தின்கின்றன. செத்தது, கழிந்தது எல்லாம் கீழே இறங்குகிறது. இருட்டில் பாக்டீரியாக்கள் அவற்றை மக்கவைத்துச் சத்துகளைத் திரும்ப நீரில் விடுகின்றன. ஆகவே ஆழ்நீரில் உரம் குவிந்திருக்கிறது, வெளிச்சம் இல்லை. மேல்நீரில் வெளிச்சம் இருக்கிறது, உரம் தீர்ந்துவிட்டது. மேலே இருப்பது வெதுவெதுப்பான, எடை குறைந்த நீர். கீழே இருப்பது குளிர்ந்த, எடை மிகுந்த நீர். இரண்டும் எளிதில் கலக்காது. நடுக்கடல் அழகான நீலமாக இருப்பதற்குக் காரணம் அங்கே பச்சையம் மிகக் குறைவு என்பதுதான். அந்த நீலம் பாலைவனத்தின் நிறம்.

கீழே கிடப்பதை மேலே கொண்டுவரக் காற்றால் முடியும். ஆனால் அது நேர்வழியில் நடப்பதில்லை. நார்வேக்காரரான நான்சென் 1893-ல் 'ஃபிராம்' என்ற கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் உறையவிட்டு, பனி போன போக்கிலேயே மிதந்து போனார். அப்போது ஒரு விநோதத்தைக் கவனித்தார். காற்று வீசும் திசையில் பனி நகரவில்லை. அதற்கு 20 முதல் 40 பாகை வரை வலப்பக்கமாக விலகி நகர்ந்தது. இதற்குக் கணக்குப் போட்டவர் சுவீடன் நாட்டு எக்மன். அவருடைய விளக்கம் 1905-ல் விரிவாக வெளியானது.

பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் நகரும் எதுவும் வலப்பக்கம் விலகும். காற்று முதலில் மேல்மட்ட நீரை இழுக்கிறது; அது சற்று வலப்பக்கம் திரும்புகிறது. அது தனக்குக் கீழுள்ள நீரை இழுக்கிறது; அது இன்னும் கொஞ்சம் திரும்புகிறது. இப்படியே பல பத்து மீட்டர் ஆழம் வரை போய், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், மொத்த நீரும் காற்றின் திசைக்குச் செங்குத்தாக வலப்பக்கம் நகர்ந்திருக்கும்.

இதை ஸ்ரீஹரிகோட்டாக் கரையில் பொருத்திப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் வடகிழக்கே இருக்கும், வலக்கை கடலைக் காட்டும். அப்படியானால் கரையோரத்து மேல்நீர் கடலுக்குள் தள்ளப்படுகிறது. அந்த இடம் காலியாக இருக்க முடியாது. கீழேயிருந்து குளிர்ந்த நீர் எழுந்து வந்து அதை நிரப்புகிறது. வடகிழக்குப் பருவத்தில் எல்லாம் தலைகீழ். அப்போது காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் வலக்கை கரையைக் காட்டும். நீர் கரையில் குவிந்து கீழே அமிழ்கிறது. சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து ஓடுவதை வன்னி என்றும் பிரித்துச் சொல்வார்கள். நீரோட்டம் மாறினால் வலையில் விழும் மீனும் மாறும் என்பது அவர்களுக்குப் பழைய செய்தி.

கேரளக் கரையிலும் அதே பருவத்தில் அதே கணக்குதான். அங்கே கோடைப் பருவக்காற்று கரையை ஒட்டி வடமேற்கிலிருந்து சாய்வாக வீசுகிறது. வலப்பக்கம் அரபிக்கடல். மேலெழுச்சி மே, ஜூன் மாதங்களில் தெற்குக் கோடியில் தொடங்கி, மெல்ல வடக்கே நகர்கிறது. இந்த எழுச்சியைக் கண்ணால் பார்க்க முடியாது. நீர் ஒரு நாளைக்குச் சில மீட்டர்தான் ஏறும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளக் கரையில், மாதக்கணக்கில் அது ஏறிக்கொண்டே இருக்கிறது.

சின்ன மீனுக்கு ஏன் இத்தனை லாபம்

உரம் மேலே வந்ததும் முதலில் பெருகுபவை டயாட்டம் எனப்படும் நுண்பாசிகள். ஒரே நாளில் இரட்டிக்கக்கூடியவை. வழக்கமாக நடுக்கடலில் பாசியை நுண்ணுயிர் தின்று, அதை இன்னொன்று தின்று, அதைச் சின்ன மீன் தின்று, அதைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அடுத்த உடலுக்குப் போகிறது; மீதி வீணாகிறது. நான்கு படி தாண்டினால் மிஞ்சுவது சொற்பம். மத்திக்கு இந்த நஷ்டம் இல்லை. அதன் செவுள்களில் அடர்ந்த சல்லடை இருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு நீந்தினால் போதும், டயாட்டங்கள் வடிகட்டப்பட்டு உள்ளே போய்விடும். முதற்படியிலேயே கைவைக்கிற மீன் அது.

கடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் இப்படிப்பட்ட மேலெழுச்சிப் பகுதி. உலகக் கடல்மீன் பிடிப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. பெரு-சிலி, கலிபோர்னியா, வடமேற்கு ஆப்பிரிக்கா, நமீபியா-தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு கரைகள் இதில் முதன்மையானவை. நான்கிலும் கூட்டம் கூட்டமாகத் திரிவது மத்தி, நெத்திலி இனங்கள்தான்.

இந்த மீன்களின் ஆயுள் குறைவு. நம் மத்தி இரண்டு, இரண்டரை ஆண்டு வாழ்ந்தால் அதிகம். பிறந்த ஓராண்டுக்குள் முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். மழைக்காலம் தொடங்கியதும் முட்டையிடும். பிறக்கும் குஞ்சுகளுக்கு மேலெழுச்சி விருந்து வைக்கும். மழை ஓய்ந்த மாதங்களில் சந்தைக்கு வரும் மத்தி நெய்யொழுக இருப்பது அந்த விருந்தின் விளைவு. ஆயுள் குறைவு என்பதால் ஒரு நல்ல பருவம் அமைந்தால் அடுத்த ஆண்டே கடல் நிறைந்துவிடும். இரண்டு பருவம் தவறினால் கடல் காலியாகிவிடும். வயது முதிர்ந்த மீன்கள் சேமிப்பாகக் கையிருப்பில் இருப்பதில்லை.

அளவுக்கு மிஞ்சினால்

இவ்வளவு படித்ததும் ஒரு முடிவுக்கு வரத் தோன்றும்: காற்று பலமாக வீசினால் மேலெழுச்சி அதிகம், மேலெழுச்சி அதிகமானால் மீன் அதிகம். இது பாதிதான் சரி.

முட்டையிலிருந்து வெளிவரும் மீன்குஞ்சு தலைமயிர் பருமனே இருக்கும். வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கரு ஓரிரு நாட்களுக்குத்தான் வரும். அது தீர்வதற்குள் வாய்க்கு எட்டும் தூரத்தில் இரை கிடைக்க வேண்டும். அந்தக் குஞ்சால் இரை தேடி நீந்திப் போக முடியாது. ரூபன் லாஸ்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கலிபோர்னியாக் கடலில் இதை ஆராய்ந்தார். கடல் அமைதியாக இருக்கும்போது இரை அடர்த்தியான அடுக்குகளாகச் சேர்கிறது, குஞ்சுகள் பிழைக்கின்றன. ஒரு புயற்காற்று அடித்து அடுக்கு கலைந்தால், மொத்த இரை அதே அளவு இருந்தாலும் குஞ்சுகள் பட்டினி கிடக்கின்றன என்று கண்டார். அதோடு பலத்த காற்று குஞ்சுகளையும் மேல்நீரோடு சேர்த்து நடுக்கடலுக்குத் தள்ளிவிடும். அங்கே தின்ன ஒன்றுமில்லை.

1989-ல் கியூரி, ராய் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் பல கரைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். காற்றின் வேகம் நொடிக்கு 5, 6 மீட்டர் வரை ஏற ஏறக் குஞ்சுகள் பிழைப்பது கூடுகிறது. அதைத் தாண்டினால் குறைகிறது. ஆண்ட்ரூ பாகுன் என்ற ஆய்வாளர் இதை மூன்று தேவைகளாகச் சுருக்கினார். உரம் மேலே வர வேண்டும். இரை ஓரிடத்தில் சேர வேண்டும். குஞ்சு அங்கேயே தங்க வேண்டும். முதலாவதைக் கொடுக்கும் காற்றே அளவு மீறினால் மற்ற இரண்டையும் கெடுக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆழத்திலிருந்து வரும் நீரில் உரம் மட்டுமல்ல, ஆக்சிஜன் குறைவும் சேர்ந்தே வருகிறது. கீழே மக்கும்போது பாக்டீரியாக்கள் அதைத் தீர்த்துவிட்டிருக்கும். நம் மேற்குக் கரையில் பருவமழையின் பிற்பகுதியில், கரையோரக் கடலின் அடிநீர் மூச்சுமுட்டும் நிலைக்குப் போகிறது. மீன்கள் மேலே ஏறுகின்றன, கரையை நெருங்குகின்றன, சில ஊரையே விட்டுப் போகின்றன. 1970களில் ஐ.நா. உதவியோடு கொச்சியை மையமாகக் கொண்டு நடந்த மீன்வள ஆய்வுத் திட்டத்தில், நெத்திலிக் கூட்டங்கள் மழைக்காலத்தில் கேரளக் கரையை விட்டுத் தெற்கே நகர்ந்து கன்னியாகுமரிப் பக்கம் குவிவது தெரியவந்தது.

இங்கே மீன்பிடிப்பவர் ஏமாற இடமிருக்கிறது. மூச்சுக்காகக் கரையோரம் நெருக்கியடித்து நிற்கும் மீன் வலையில் அள்ள அள்ள வரும். வலை நிறைவதால் கடலும் நிறைந்திருக்கிறது என்று நினைத்துவிடலாம். கடலில் உள்ள மீன் முழுதும் அந்த ஒரு கீற்றில் நிற்பதாகவும் இருக்கலாம்.

பெரு கற்ற பாடம்

இந்த ஏமாற்றத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. பெரு நாட்டின் நெத்திலியான ஆன்சோவெட்டா, ஒரே இனமாக உலகில் மிக அதிகம் பிடிக்கப்பட்ட மீன். 1970-ல் அதன் பிடிப்பு 1.2 கோடி டன்னைத் தாண்டியது. மனிதர்கள் அதைத் தின்னவில்லை. அரைத்துக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக்கினார்கள். 1972-ல் எல் நீனோ வந்தது. பசிபிக்கின் கிழக்குக் காற்று தளர்ந்து, வெந்நீரின் அடுக்கு பெருக் கரையில் தடித்துவிட்டது. கரையோரக் காற்று அப்போதும் வீசத்தான் செய்தது, கீழிருந்து நீரும் ஏறியது. ஆனால் அடுக்கு தடித்துப்போனதால் ஏறி வந்தது அதே வெதுவெதுப்பான, உரமில்லாத நீர். மிச்சமிருந்த மீன் குளிர்ந்த கரையோரக் கீற்றுகளில் ஒதுங்கியது. அங்கே அதைப் பிடிப்பது இன்னும் சுலபமாக இருந்தது. 1973-ல் பிடிப்பு 20 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. மீனை நம்பியிருந்த கடற்பறவைகள் லட்சக்கணக்கில் மாண்டன. மீன்தீவனம் இல்லாததால் சோயாவுக்குக் கிராக்கி கூடி, தொலைதூர நாடுகளில் இறைச்சி விலை ஏறியது.

பெரு அதை மறக்கவில்லை. 2023-ல் எல் நீனோ தலைகாட்டியபோது, சோதனைப் பிடிப்பில் குஞ்சுகளே அதிகம் வருவதைப் பார்த்து, அந்த ஆண்டின் முதல் பருவப் பிடிப்பையே அரசு ரத்து செய்துவிட்டது.

அப்படியானால் மீன் அழிவதற்குக் காரணம் இயற்கையா, வலையா? இதற்கு ஒரு சாட்சி கலிபோர்னியாவின் சான்டா பார்பரா கடலடிச் சேற்றில் கிடைத்தது. அந்தப் பள்ளத்தின் அடியில் ஆக்சிஜன் கிடையாது. புழுக்கள் இல்லாததால் சேறு கலையாமல் ஆண்டுக்கோர் அடுக்காகப் படிந்திருக்கிறது. அதில் மத்தியின் செதில்களும் நெத்திலியின் செதில்களும் புதைந்திருக்கின்றன. அவற்றை எண்ணி 1992-ல் வெளியிடப்பட்ட ஆய்வு, சுமார் 1,700 ஆண்டுகளில் மத்தி ஒன்பது முறை பெருகி ஒன்பது முறை சரிந்திருக்கிறது என்றது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அங்கே இயந்திரப் படகே கிடையாது. ஆக, சரிவு இயற்கையிலேயே உண்டு. ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் மீட்சி இருந்தது என்பதையும் அதே சேறு சொல்கிறது. சரிந்திருக்கும் நேரத்தில் மிச்சத்தையும் வழித்தெடுத்தால் மீட்சி தள்ளிப்போகும். வலையின் பொறுப்பு அங்கேதான் வருகிறது.

நம் மத்தியின் கதை

இந்தியாவில் இதே நாடகத்தின் நாயகன் நெய் மத்தி. சென்னை மாகாணத்தின் ஆளுகையில் மலபாரும் தென் கன்னடமும் இருந்த காலத்தில், அந்தக் கரையில் மத்தி எண்ணெய் எடுக்கும் ஆலைகள் நிறைய இருந்தன. எண்ணெய் படகுக்கும் விளக்குக்கும் போனது, சக்கை தென்னைக்கும் காப்பித் தோட்டத்துக்கும் உரமானது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல், எம். ராமசாமி நாயுடுவோடு சேர்ந்து 1924-ல் மத்தியின் வாழ்க்கையைப் பற்றி விரிவாக எழுதினார். டயாட்டம்தான் அதன் முக்கிய உணவு என்பது அப்போதே தெரிந்திருந்தது. 1940களில் மத்தி ஏறத்தாழ மறைந்தே போனது. 1943-ல் மாகாண அரசு சில வகை வலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பிறகு மத்தி தானாகத் திரும்பி வந்தது.

அண்மைக் காலத்து ஏற்ற இறக்கம் இன்னும் கடுமை. கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 2012-ல் கேரளத்தில் மட்டும் 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் அது 3,297 டன்னாகச் சுருங்கியது. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2015-ன் எல் நீனோவும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் அளவுமீறிய பிடிப்பும் சேர்ந்து மத்தியைச் சாய்த்தன என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2023-ல் பிடிப்பு மீண்டும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது.

அதற்குப் பிறகு வந்தது யாரும் எதிர்பாராத திருப்பம். 2024 மழைக்காலம் மத்திக்கு மிகச் சாதகமாக அமைந்தது. மேலெழுச்சி பலமாக இருந்தது, இரை பெருகியது, குஞ்சுகள் வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பிழைத்துவிட்டன. கடல் முழுக்க மத்தி. அத்தனை வாய்க்கும் இரை பற்றவில்லை. மீன்கள் பத்து சென்டிமீட்டரை ஒட்டியே வளர்ச்சி குன்றி நின்றன; எடை வழக்கத்தில் பாதிகூட இல்லை. வலை நிறைந்தும் விலை கிடைக்கவில்லை. பிழைக்கும் குஞ்சுகள் குறைந்தாலும் கஷ்டம், அளவு மீறினாலும் கஷ்டம் என்பதை ஒரே தலைமுறை மீனவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் பார்த்துவிட்டார்கள்.

வங்கக் கடலின் ஏடு

சூளூர்பேட்டைக்குக் கிழக்கே உள்ள கடலிலும் அதே பருவத்தில் காற்று வீசுகிறது, அதே திசைக்கணக்கு பொருந்துகிறது. ஆனாலும் கேரளம்போல் இங்கே கடல் பச்சை பூப்பதில்லை. காரணம் ஆறுகள். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வங்கக் கடலில் வந்து விழுகின்றன. மேலே மழையும் கொட்டுகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. சுண்டிய பாலில் ஏடு கட்டுவதுபோல் உப்புக் குறைந்த வெந்நீர் ஒரு படலமாகக் கடல்மேல் பரவிக்கொள்கிறது. அரபிக்கடலில் வீசுவதைவிட இங்கே காற்றும் மென்மை. அதனால் ஏட்டைக் கிழித்துக் கீழேயுள்ள உரத்தைக் கிளற முடிவதில்லை. கோடைப் பருவத்தில் அரபிக்கடலைவிட வங்கக் கடல் ஏன் இவ்வளவு வறுமையாக இருக்கிறது என்ற கேள்விக்குக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் பிரசன்னகுமாரும் உடனாய்வாளர்களும் 2002-ல் சொன்ன பதில் இதுதான்.

முழு வறுமை என்றும் சொல்ல முடியாது. 1950களில் விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அமெரிக்கக் கடலியலாளர் லஃபாண்ட் கிழக்குக் கரையில் மேலெழுச்சி இருப்பதைப் பதிவு செய்தார். 1989 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தேசியக் கடலியல் நிறுவனம் அளந்தபோதும் கரையை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் குளிர்நீர் ஏறுவது தெரிந்தது. நடுக்கடலில் நீர்ச்சுழல்கள் ஆங்காங்கே உரத்தை மேலே இழுக்கின்றன. புயல் கடந்துபோனால் அதன் தடத்தில் கடல் குளிர்ந்து, சில நாட்களில் பச்சையம் கூடுவதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. இந்தச் சிறுசிறு திறப்புகளை நம்பித்தான் இந்தக் கரையின் கவலை மீனும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் வாழ்கின்றன.

இந்தக் கடலுக்கு இன்னொரு பங்கும் உண்டு. கிழக்குக் கரையில் காற்று மாறும்போது, கடலுக்குள் வெந்நீரும் குளிர்நீரும் சந்திக்கும் எல்லை மேலோ கீழோ அசைகிறது. அந்த அசைவு அங்கேயே அடங்கிவிடுவதில்லை. கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, நாளைக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் அலையாக ஓடுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவையும் சென்னையையும் தாண்டித் தெற்கே போய், இலங்கையைச் சுற்றி, கன்னியாகுமரி வழியாகக் கேரளக் கரையில் வடக்கே ஏறுகிறது. கெல்வின் அலை என்று இதற்குப் பெயர். மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. கடல்மட்டம் சில சென்டிமீட்டர்தான் மாறும். உள்ளேயோ குளிர்நீரின் எல்லை பல மீட்டர் ஏறி இறங்கும். கேரளத்தில் பருவக்காற்று தொடங்குவதற்கு முன்பே குளிர்நீர் மேல்நோக்கி நகரத் தொடங்குவதற்கு இந்த அலைகளும் ஒரு காரணம். ஆந்திரக் கரையில் அடித்த காற்று சில வாரங்களில் ஆலப்புழை மத்தியின் சாப்பாட்டைத் தொடுகிறது.

மத்தியும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. 1980களின் நடுப்பகுதிவரை கிழக்குக் கரையில் நெய் மத்தி அபூர்வம். இன்று தமிழ்நாட்டின் முக்கிய மீன்களில் அதுவும் ஒன்று; ஆந்திரத்திலும் பிடிபடுகிறது. கடல் சூடாவதால் அதற்கு ஏற்ற வெப்பநிலை புதிய கரைகளுக்கும் பரவியது என்று மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் விளக்குகிறார்கள்.

மேலேயிருந்து தெரிவதும் தெரியாததும்

ஓஷன்சாட் வரிசை அனுப்பும் தகவல்களையும் மற்ற செயற்கைக்கோள் தகவல்களையும் சேர்த்து, ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன் கிடைக்கக்கூடிய இடங்களைக் குறித்து மீனவர்களுக்கு அறிவிக்கிறது. எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று தெலுங்கிலும் தமிழிலும் பிற கரையோர மொழிகளிலும் செய்தி போகிறது. குளிர்நீரும் வெந்நீரும் சந்திக்கும் கோடு, பச்சையம் அடர்ந்த திட்டு, இரண்டும் ஒன்றாக அமையும் இடம் எதுவோ அதுதான் குறி. தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சமாகின்றன.

இதிலும் இடைஞ்சல்கள் உண்டு. கடலின் நிறத்தைப் பார்க்கும் கருவியால் மேகத்தை ஊடுருவ முடியாது. மேற்குக் கரையில் மேலெழுச்சி உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்ட்டில்தான் வானம் மூடிக்கிடக்கிறது. காற்றை அளக்கும் கருவி நுண்ணலையில் வேலை செய்வதால் மேகம் அதற்குப் பொருட்டில்லை. ஆகவே மழை மாதங்களில் கடல் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதைக் காற்றை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. செயற்கைக்கோள் காட்டுவது மேய்ச்சல் நிலத்தை மட்டுமே. அங்கே எத்தனை மீன் இருக்கிறது, அதில் எத்தனை குஞ்சு, எத்தனை முட்டையிடும் பருவத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மீன் நிறைந்த ஆண்டிலும் வறண்ட ஆண்டிலும் அது ஒரே மாதிரி இடத்தைக் காட்டும். வறண்ட ஆண்டில் எஞ்சிய மீன் ஒதுங்கியிருக்கும் இடத்தையும் துல்லியமாகக் காட்டிவிடும். பெருவில் 1972-ல் மீன் கரையோரம் ஒதுங்கியதால் நேர்ந்ததை, இன்று ஒரு கைபேசிச் செய்தியால் நேரச் செய்ய முடியும்.

ஆகவே கண்டுபிடிக்கும் திறமை கூடக் கூட, விட்டுவைக்கும் விதிகளும் இறுக வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இயந்திரப் படகுகளுக்குத் தடை இருக்கிறது. அது நல்லது, ஆனால் காலண்டரைப் பார்த்துப் போடப்பட்ட தடை, கடலைப் பார்த்துப் போடப்பட்டதல்ல. காற்றும் வெப்பமும் பச்சையமும் நாள்தோறும் அளக்கப்படும் நாட்டில், எல் நீனோ ஆண்டில் பிடிப்பைக் குறைப்பதும் குஞ்சுகள் அதிகம் தென்படும் வாரத்தில் வலையை நிறுத்துவதும் செய்யக்கூடிய காரியங்களே. பெரு செய்து காட்டியிருக்கிறது. அந்த நாட்களில் மீனவர் வீட்டில் உலை வைக்க அரசு உதவித்தொகை தர வேண்டும்; இல்லாவிட்டால் எந்த விதியும் நிற்காது.

மீன் வாங்குகிறவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்து, கேரளம் சட்டமாக்கிய குறைந்தபட்ச அளவு மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர். நெத்திலி இயல்பிலேயே சின்ன மீன். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் மத்தியோ கானாங்கெளுத்தியோ அந்த அளவுக்குக் குறைவாகக் கூடையில் கிடந்தால், அது ஒருமுறைகூட முட்டையிட்டிராத மீன். விலை மலிவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.